வேர்வை மேஸ்திரி போட்ட கரை

கோலார் தங்கவயலில் தங்கத்தைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேசாத மனிதர் ஒரே ஒருவர்தான் இருந்தார். அவர் எங்கள் வேர்வை மேஸ்திரி. ஊரே பூமியைத் தோண்டிப் பொன்னைத் தேடியது; இந்த மனுஷர் மண்ணுக்குள் தண்ணீர் எந்த வழியாகப் போகிறது என்று தேடிக்கொண்டிருந்தார். சீமையில் படித்த இஞ்சினீயர்கள் பத்துப் பேரைத் தராசின் ஒரு தட்டிலும் இவரை மறு தட்டிலும் வைத்தால் இவர் பக்கம்தான் தாழும். சந்தேகப்படுகிறவர்கள் என்னோடு சண்டைக்கு வரலாம்.

பட்டப்பெயருக்குக் காரணம் அவர் வாய்தான். "வேர்க்காத பானையில தண்ணி குளுருமா? வேர்க்காத கரை நிக்குமா?" என்று பார்க்கிறவரையெல்லாம் கேட்பார். புதுப் பானை வாங்கியவர்கள் அவர் கண்ணில் படாமல் பதுங்கிப் போவார்கள். பட்டுவிட்டால் போச்சு! நடுத்தெருவில் உட்கார்ந்து அதில் தண்ணீர் ஊற்றி, வெளிப்புறம் நனைகிறதா என்று அரை மணி பார்ப்பார்.

ஒரு கல்யாணப் பந்தியில் சோற்றைக் குவித்து, குழி பறித்து, ரசம் ஊற்றிக்கொண்டவர் சாப்பிடாமல் குனிந்தே இருந்தார். பக்கத்து இலைச் சம்பந்தி, "இன்னா மேஸ்திரி, பல்லி கில்லி விழுந்துச்சா?" என்று பதறினார். "சும்மா இரு நைனா, தெக்கால கசியுது. இப்போ உன் பக்கம் ஒடைச்சிக்கும் பாரு" என்றார் இவர். உடைத்துக்கொண்டது. சம்பந்தியின் புது வேட்டி பாழாயிற்று.

ஆயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூறுகளின் கடைசி அது. நான் ஒரு சுரங்கக் கம்பெனியில் ரைட்டர். துரை பேசுவதை ஆட்களுக்கும், ஆட்கள் பேசுவதைத் துரைக்கும் மொழிபெயர்ப்பதும் என் தலையில்தான். மில்லில் கல்லை அரைத்துத் தங்கம் எடுத்த பிறகு மிஞ்சும் சகதித் தண்ணீரைத் தேக்க, மாரிகுப்பம் போகும் வழியில் மேஸ்திரி ஒரு மண்கரை போட்டிருந்தார். கரைக்குக் கீழே சுரங்க ஆட்கள் குடியிருக்கும் எங்கள் லைன், நாற்பது தட்டி வீடுகள். கரைக்கு மிக அருகில் இருந்த வீடு என்னுடையது. உள்ளே பன்னிரண்டு நாள் குழந்தையோடு என் மனைவி.

அந்த ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. கப்பலிலிருந்து இறங்கிய ஈரம் காயாத சின்ன துரை, கரையின் அடியில் தண்ணீர் கசிவதைப் பார்த்து மிரண்டு, அடிவாரம் முழுக்கச் சுண்ணாம்புக் காரை பூசச் சொன்னார். மேஸ்திரி குதித்தார்.

"தெளிவா கசியற தண்ணிய அடைச்சா, அது உள்ளயே பொங்கி மண்ணத் தூக்கிடும். மூள கீதா இந்தாளுக்கு? கேட்டுச் சொல்லு ரைட்டரே!"

"தங்கள் யோசனையை மேஸ்திரி புகழ்கிறார். ஒரு சிறு சந்தேகம் மட்டும் உண்டாம்" என்று ஆங்கிலத்தில் சொன்னேன். வேலை போய்விடுமே என்ற பயம்! துரை சிரித்தார். காரை பூசியாயிற்று, கசிவும் நின்றது. லைனில் எல்லோரும் துரையை மெச்சினார்கள், வெட்கமில்லாமல் நானும்தான்.

மூன்றாம் நாள் காலை என் வாசலில் பூமிக்குள்ளிருந்து தண்ணீர் குமிழியிட்டது. மேஸ்திரி அதை ஒரு கண்ணாடி டம்ளரில் பிடித்து வெளிச்சத்தில் பார்த்தார். ஒரே கலங்கல். அடியில் மணல் தங்கியது.

"கரைய உள்ளாற அரிச்சிக்கினு வருது! கொயந்தைங்கள மேட்டுக்கு இட்டுக்கினு போங்க!" என்று கத்திவிட்டு, கடப்பாரையோடு ஓடிப் பூச்சை உடைக்கத் தொடங்கினார்.

"ஐயோ, கரையவே ஒடைக்கிறான் பாவி!" என்று நாலு பேர் அவர் இடுப்பைக் கட்டிப் பிடித்தார்கள். துரை ஓடி வந்தார். அவன் என்ன சொல்கிறான் என்று என்னைக் கேட்டார்.

என் மனைவி குழந்தையைத் துணியில் சுற்றிக்கொண்டு மழையில் மேடேறுவது தெரிந்தது. என் ஆயுளில் முதல் முறையாக, அன்றுதான் வார்த்தைக்கு வார்த்தை மொழிபெயர்த்தேன், முன்பு நான் விழுங்கிவிட்ட அந்த மூளைச் சமாசாரம் உட்பட. துரையின் முகம் சிவந்தது. டம்ளரை வாங்கிப் பார்த்தார். பிறகு கோட்டைக் கழற்றி எறிந்துவிட்டு, தாமே இன்னொரு கடப்பாரையை எடுத்தார். சும்மா சொல்லக்கூடாது, நல்ல மனுஷன்.

ஆட்கள் பெரிய பெரிய கல்லாகத் தூக்கி வந்தார்கள். "அட கிறுக்கனுங்களா! மொதல்ல மணலு, அதும்மேல பொடி ஜல்லி, அப்பால கல்லு! தண்ணி போவணும், மண்ணு போவக்கூடாது!" என்று மேஸ்திரி கத்தக் கத்த, பூச்சு உடைந்த இடத்திலும் என் வாசலிலும் கூடை கூடையாகக் கொட்டினோம்.

மத்தியானம் டம்ளரில் பிடித்த தண்ணீர் தெளிந்திருந்தது. மேஸ்திரி பெருமையாக அதைத் துரையிடம் நீட்டினார். துரை மரியாதையாக வாங்கி வாய்க்குக் கொண்டுபோனார். "குடிச்சித் தொலைக்காதய்யா, மில்லுத் தண்ணி, வெசம்!" என்று மேஸ்திரி பாய்ந்து தட்டிவிட்டார்.

கரை நின்றது. ஆனால் வீடு திரும்ப ஒருவருக்கும் தைரியம் வரவில்லை. "அந்தக் கரைக்குக் கீழ எவன் படுப்பான்?" என்றார்கள். மேஸ்திரி வாதாடவில்லை. மேட்டில் பத்திரமாக இருந்த தம் குடிசையைப் பிரித்தார். தட்டியையும் மூங்கிலையும் தலையில் சுமந்து வந்து, என் வீட்டுக்கும் கரைக்கும் நடுவே நட்டார்.

"நான் போட்ட கரை. நான் படுக்காம வேற யாரு படுப்பா?"

முதலில் என் மனைவி குழந்தையோடு இறங்கி வந்தாள். பிறகு ஒவ்வொருவராக லைன் முழுக்க வந்தது.

அந்த மழைக்காலம் முடியும்வரை பக்கத்துக் குடிசையில் மேஸ்திரி விட்ட குறட்டை இருக்கிறதே, மில் இரைச்சலெல்லாம் அதற்கு முன்னால் தூசு. அது காதில் விழுந்தால்தான் என் மனைவிக்குத் தூக்கம் வரும். சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கும்.