தலைநகருக்கு ஒரு சீட் குறைச்சல்

இந்தப் பள்ளி விடுமுறையில் யாரோடும் பேசுவதில்லை, யார் பேசுவதையும் கேட்பதில்லை என்று முடிவு செய்தேன். லேசுப்பட்ட முடிவு இல்லை. ஸ்டீயரிங் மேல் கை வைத்துச் செய்த சத்தியம்.

நான் பள்ளி வேன் டிரைவர். காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை, என் முதுகுக்குப் பின்னால் யுத்தம் நடக்கும். பென்சில் பெட்டி பறக்கும். ஒருவன் அழுவான். அவன் ஏன் அழுகிறான் என்று நாலு பேர் ஒரே நேரத்தில் எனக்கு விளக்குவார்கள். தப்பித்தோம் என்று வீட்டுக்கு வந்தால் அங்கே என் இரண்டு மகள்கள். மூத்தவளுக்குக் கேள்விக்குறி என்று பெயர் வைத்திருக்கிறேன். இளையவளுக்கு ஒலிபெருக்கி. மாமியாருக்குக் காது மந்தம். தன் குரல் தனக்கே கேட்காததால், தெருவுக்கே கேட்கிற மாதிரி பேசுவார். இது போதாதென்று மனைவி சாயங்காலம் ஹாலில் டியூஷன் எடுக்கிறாள். நான் வேனிலிருந்து இறக்கிவிட்ட அதே பிள்ளைகள், நான் சட்டையைக் கழற்றுவதற்குள் என் வீட்டுக்கே வந்து வாய்ப்பாடு ஒப்பிக்கும். அந்தக் கஷ்டத்தையும் என் காதுகளின் கணக்கில்தான் எழுதி வைத்திருந்தேன்.

எனக்கு வேண்டியது ஒரே ஒரு வாரம். காலி வீடு. சாத்திய கதவு. ஒரு கட்டில். ஆனால், 'எல்லாரும் கொஞ்ச நாள் எங்கேயாவது போங்கள்' என்று என் வீட்டில் வாய் திறந்து சொல்கிற தைரியம் எனக்கு இருந்திருந்தால் நான் ஏன் வேன் ஓட்டுகிறேன், ராணுவத்துக்கே போயிருப்பேனே. ஆகவே, அவர்களாகக் கிளம்ப வேண்டும்.

பக்கத்து வீட்டு டெய்லரிடம் போய் அழுதேன். அவர் தையல் மெஷினை நிறுத்திவிட்டு யோசித்தார்.

"சிம்பிள்ணே. தலைநகரத்தைச் சுத்திப் பாக்கலாம்னு நீங்களே ஆரம்பிங்க. ரயில்ல டிக்கெட் போடுங்க. கிளம்புற நேரத்துல வேலை வந்துடுச்சுன்னு நைசா கழண்டுக்குங்க. அவங்க தலைநகரைப் பாக்கட்டும், நீங்க தலையணையைப் பாருங்க."

"டெய்லரே, கையைக் கொடு! நீ துணி வெட்டுற ஆளே இல்லை, ராஜ்யத்தை வெட்டுற ஆள்!"

"காதும் காதும் வெச்ச மாதிரி இருக்கட்டும்ணே."

"உன் வீட்டுக்காரிகிட்ட?"

"மூச்சு விடமாட்டேன்."

அன்றைக்கே, சாப்பிடும்போது ஆரம்பித்தேன்.

"ஏம்மா, இந்த லீவுக்கு எல்லாரும் தலைநகரத்துக்குப் போய்ச் சுத்திப் பாத்துட்டு வரலாமா?"

மனைவியின் கையில் கரண்டி அப்படியே நின்றது.

"உடம்பு ஏதாவது சரியில்லையா உங்களுக்கு?"

"நல்லாத்தானே இருக்கேன்."

"தெருமுனைக் கடைக்குக் கூப்பிட்டாலே முட்டி வலிக்குதும்பீங்க. திடீர்னு தலைநகரமா?"

"பிள்ளைங்க நாலு இடம் பாக்க வேண்டாமா? மியூசியம் இருக்கு. மிருகக்காட்சிசாலை இருக்கு. பார்லிமெண்ட் இருக்கு."

"பார்லிமெண்ட்ல என்னப்பா பண்ணுவாங்க?" இது கேள்விக்குறி.

"எல்லாரும் ஒரே நேரத்துல கத்துவாங்க."

"உங்க வேன் மாதிரியா?"

"அதேதான். என் வேன்ல ஸ்டாப் வந்தா இறங்கிடுவாங்க. அங்கே இறங்க மாட்டாங்க."

"யாரு இறந்துட்டாங்க?" என்று மாமியார் அலறினார்.

அவருக்கு யாரும் சாகவில்லை என்று ஒலிபெருக்கி காதருகே போய் விளக்கி முடிப்பதற்குள் எனக்குச் சாகலாம் போல இருந்தது. அவ்வளவு நேரமும் மனைவி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சிரித்தாள்.

"சரிங்க. போலாம்."

அந்தச் சிரிப்பைச் சந்தோஷம் என்று எடுத்துக்கொண்டேன். நான் சுத்த மடையன்.

ரயிலில் டிக்கெட் போட்டேன். அதற்குப் பிறகு வீடே தலைநகரமாகிவிட்டது. எந்த அரண்மனையை முதலில் பார்ப்பது, எந்தப் பாலத்தில் நின்று போட்டோ எடுப்பது என்று ஓயாத விவாதம். நான் எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். பொம்மைக்கடை பொம்மைகூட அப்படி ஆட்டியிருக்காது. பயணம் நெருங்கியதும், முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்தேன்.

"ஸ்கூல் வண்டியை ஒர்க்ஷாப்ல விடணும்னு சொல்லிட்டாங்கம்மா. நானும் கூடவே இருக்கணும். நீங்க நாலு பேரும் போயிட்டு வாங்க." கண்ணைத் துடைத்துக்கொண்டேன். கண்ணில் ஒன்றும் இல்லை. இருந்தாலும் துடைத்தேன்.

"ஐயையோ! ஆசை ஆசையா பிளான் போட்டது நீங்களாச்சே!"

"என்ன பண்றது. என் தலையெழுத்து."

"அதெல்லாம் முடியாது. வாங்க, ஹெட்மிஸ்ட்ரஸ் மேடத்தை நேர்லயே கேட்டுடுவோம்."

"வேண்டாம்மா, அவங்க கோவக்காரங்க!"

"நான் பேசிக்கிறேன்." அவள் ஏற்கெனவே செருப்பை மாட்டியிருந்தாள்.

தலைமை ஆசிரியை மேஜைக்குப் பின்னால் இருந்து மூக்குக்கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார்.

"ஒர்க்ஷாப்பா? அதை லீவு முடியறதுக்குள்ள எப்ப வேணா விடுங்கன்னு நான்தானே சொன்னேன்?"

"இல்லை மேடம்... சீக்கிரமே விட்டுட்டா..."

"பாத்தீங்களா மேடம்?" மனைவியின் குரல் தழுதழுத்தது. "குடும்பத்தை விட்டாலும் விடுவார், உங்க வண்டியை விடமாட்டார்."

தலைமை ஆசிரியை உருகிப்போனார். என் கடமை உணர்ச்சியை அவர் பாராட்டப் பாராட்ட, நான் கதவுப் பக்கம் நகர்ந்தேன்.

"ரயில் எதுக்கு? நம்ம வேனையே எடுத்துட்டுப் போங்க. தலைநகரத்துல நமக்குத் தெரிஞ்ச பள்ளி ஹாஸ்டல் இருக்கு, அங்கேயே தங்கிக்கலாம். ஆமா, நம்ம டீச்சருங்க பிள்ளைங்களும் லீவுல வீட்டுல சும்மாதான் இருக்கு. வண்டியில இடம் இருக்குமா?"

இந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். எந்த மனிதனும் மூடிக்கொண்டிருப்பான். ஆனால் வேன் டிரைவர் நாக்கு இருக்கிறதே, 'இடம் இருக்கா' என்று காதில் விழுந்தால் அது மூளையைக் கேட்காது.

"எட்டு சீட் காலி மேடம்!"

சொன்ன பிறகுதான் கேட்டவர் யார், சொன்னவன் யார் என்று எனக்கே உறைத்தது.

"வெரிகுட். உங்களை நம்பி அனுப்பலாம். சீட்டுக்கு மேல ஒரு தலையை ஏத்தாத ஒரே டிரைவர் நீங்கதான்" என்றார் அவர்.

மனைவி ரொம்ப அடக்கமாகத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

திரும்பி வரும் வழியில் மனதைத் தேற்றிக்கொண்டேன். போகட்டும். அவள் வருகிறாளே. ஒரு அதட்டல் போட்டால் எட்டும் அடங்கும். நான் ஓட்டினால் போதும், மற்றதை அவள் பார்த்துக்கொள்வாள்.

கிளம்புகிற காலையில் டீச்சர்களின் பிள்ளைகள் எட்டும் விசிலோடு வந்தன. ஆமாம், ஆளுக்கொரு விசில். கூட்டத்தில் தொலைந்துவிடாமல் இருக்க மேடம் கொடுத்தனுப்பினாராம். மாமியார் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். என் மகள்கள் ஏறினார்கள். வழக்கம்போல் தலைகளை எண்ணினேன். பன்னிரண்டு சீட். பன்னிரண்டு தலை. சரியாக இருந்தது. கதவைச் சாத்தப் போனேன்.

மனைவி கீழே நின்றுகொண்டிருந்தாள்.

மறுபடி எண்ணினேன். கடைசி சீட்டில் டெய்லரின் மகள், பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"இது எப்படி ஏறிச்சு?"

"நான்தாங்க வரச் சொன்னேன். பாவம், அதுவும் எதைப் பாத்திருக்கு?"

"அப்ப நீ?"

"சீட் இல்லையே."

"நெருக்கி உக்காரலாம்மா! ஒரு ஆள் தானே!"

"என்னங்க பேசுறீங்க? சீட்டுக்கு மேல ஒரு தலையா? இத்தனை வருஷப் பேரை என்னால கெடுத்துக்காதீங்க."

அவள் கையைப் பார்த்தேன். பை இல்லை. எல்லாருக்கும் பெட்டி கட்டியவள், தனக்கென்று ஒரு கைக்குட்டைகூட எடுத்து வைக்கவில்லை. டெய்லரைத் தேடினேன். அவர் தன் வாசலில் நின்று, வானத்தில் ஏதோ பறவையைத் தேடிக்கொண்டிருந்தார்.

"டெய்லரே!"

"மன்னிச்சுக்குங்கண்ணே. வீட்டுல கேட்டா... அவங்க உங்க வீட்டுல..."

மூச்சு விடமாட்டேன் என்றவர், மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார்.

"நீ இல்லாம இதுங்களை நான் எப்படிம்மா..." எனக்கு உண்மையாகவே கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இந்தத் தடவை துடைக்கத் தோன்றவில்லை.

"உங்களுக்குப் பழக்கம்தானே" என்று சொல்லி, அவளே கதவைச் சாத்தினாள். பன்னிரண்டு பேரும் அவளுக்குக் கையாட்டினார்கள். விசில் வைத்திருந்தவர்கள் விசில் அடித்தார்கள்.

அந்தப் பயணத்தை எப்படிச் சொல்ல? ஒருவன் பசி என்றான். அவனுக்குக் கொடுத்ததும் ஒருத்தி வாந்தி என்றாள். அரண்மனையைப் பார்ப்பதற்குள் தலைநகரின் கழிப்பறைகள் அத்தனையையும் சுற்றிப் பார்த்துவிட்டேன். மியூசியத்தில், கல்லில் செதுக்கிய ராஜாவுக்கு ஏன் மூக்கில்லை என்று கேள்விக்குறி கேட்டாள். அவருக்கும் தொணதொணவென்று கேள்வி கேட்கிற மகள் ஒருத்தி இருந்திருப்பாள், அவளே அரித்துத் தின்றிருப்பாள் என்றேன். ஒலிபெருக்கி அதை மாமியாருக்குச் சொல்ல, வாட்ச்மேன் ஓடி வந்து எங்கள் எல்லாரையும் வெளியே அனுப்பினார். விசில்களோடு.

வெளியே படிக்கட்டில் உட்கார்ந்து வீட்டுக்குப் போன் போட்டேன். ரொம்ப நேரம் அடித்தது. எடுத்தாள்.

"ஹலோ! கேக்குதா? என்னால முடியலம்மா! அடுத்த ரயிலைப் பிடிச்சு வந்துடும்மா!" என்று விசில்களுக்கு மேலே கத்தினேன்.

மறுமுனையில் ஒரு கொட்டாவி. பிறகு, தூக்கம் கலையாத சின்னக் குரல்.

"மெதுவாப் பேசுங்க. நம்ம வீட்டுக் கடிகாரத்துக்கு டிக் டிக்னு ஒரு சத்தம் இருக்குன்னு இன்னைக்குத்தாங்க எனக்குத் தெரிஞ்சுது."