ராஜாவின் சாப்பாட்டு புரோகிராம்

ஒரு காட்டில் வேட்டையை நிறுத்திவிட்டார்கள். ஓடிப் பிடிப்பது சிங்க ராஜாவின் கௌரவத்துக்குக் குறைச்சலாம். அன்றாடம் யார் சாப்பாடு என்று கம்ப்யூட்டர் முறைவைத்துக் கூப்பிடும். கூப்பிட்டவர் குளித்துவிட்டுக் குகைக்கு வரவேண்டும். இந்த புரோகிராமை எழுதியது கொம்பையா என்கிற முயல்.

கொம்பையா கெட்டிக்காரன்தான், ஆனால் வடிகட்டிய சோம்பேறி. 'எந்தப் பிழை வந்தாலும் விழுங்கிவிட்டு வெற்றி என்று காட்டு' என்று கடைசியில் ஒரு வரி எழுதிவிட்டுத் தூங்கப் போய்விட்டான். இந்த வரியை எழுதாத புரோகிராமர் யாராவது இருந்தால் கையைத் தூக்கட்டும், பார்ப்போம்.

கம்ப்யூட்டர் மானைக் கூப்பிட்டது. மான் வரவில்லை. எந்த மான்தான் வரும்? ஸ்கிரீனில் மட்டும் பச்சை எழுத்து மின்னியது: 'வெற்றி! அரசர் உணவருந்தினார்.'

"எனக்குப் பசிக்குதே" என்றது சிங்கம்.

"சாப்பிட்டாச்சுன்னு போட்டிருக்கே மன்னா. அஜீரணமா இருக்கும்" என்றது மந்திரி நரி.

சிங்கம் ஓமத்தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்துக்கொண்டது.

ஒன்பது நாள் ஓமத்தண்ணீரிலேயே ஓடியது. பாவம், பத்தாம் நாள்தான் அதற்குச் சந்தேகம் வந்தது. நேரே போய்க் கொம்பையாவைக் காதைப் பிடித்துத் தூக்கியது.

"நாளை மதியத்துக்குள்ள புதுசா எழுது. ஒரு பிழைகூட ஒளியக் கூடாது. ஆமை பார்த்து முத்திரை போடணும். முத்திரை விழுந்துட்டா புரோகிராம் சொல்றதுதான் சட்டம், எனக்கும் சேர்த்து! எழுதலேன்னா நீதான் சாப்பாடு."

ஆமையின் பெயர் ஆவுடையம்மாள். இந்த முறை எழுதவேண்டியது பிழையை விழுங்கவிடாத ஒரு புதிய கம்ப்யூட்டர் மொழியில்; அதற்கு அவள்தான் சோதனை அதிகாரி. பதில் இல்லாத கேள்வி ஒன்று மிச்சம் இருந்தாலும் புரோகிராமை ஓடவிட மாட்டாள்.

"முதல்ல மானைக் கூப்பிடுறோம்" என்றான் கொம்பையா.

"வரலேன்னா?"

"பன்றி."

"அதுவும் வரலேன்னா?"

காட்டெருமை, மயில், முள்ளம்பன்றி என்று காட்டையே எழுதித் தீர்த்தான். ஆவுடையம்மாள் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டாள்.

"ஒருத்தருமே வரலேன்னா?"

கொம்பையா பட்டியலை மறுபடி எண்ணிப் பார்த்தான். மிச்சம் இருந்தது அவன் பெயர் ஒன்றுதான்.

"காலியா விட்டுடவா அக்கா?"

"அந்த வேலையெல்லாம் உன் பழைய மொழியோட வச்சுக்க. சாப்பாட்டு நேரத்துல குகையில கட்டாயம் இருக்கிற ஆள் ஒருத்தரைப் போடு தம்பி."

கொம்பையாவின் காதுகள் நட்டுக்கொண்டன. ஒரே ஒரு சொல் எழுதினான். ஆவுடையம்மாள் மூன்று முறை படித்தாள். பிழை இல்லை. முத்திரை விழுந்தது.

மறுநாள் மதியம் மான் வரவில்லை, பன்றி வரவில்லை, மயிலுக்கு உடம்பு சரியில்லையாம். பட்டியல் முழுக்க ஓடி முடிந்து, ஸ்கிரீனில் எழுத்து வந்தது: 'இன்றைய உணவு: அரசர்.'

சிங்கம் நரியைப் பார்த்தது. "பிழையா இருக்குமோ?"

"முத்திரை இருக்கு மன்னா. சட்டமும் நீங்க போட்டதுதான்."

என்ன இருந்தாலும் சொன்ன சொல் தவறாத ராஜா. வாலை எடுத்து வாயில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு ஒரு கடி கடித்தது. அலறலில் மரத்திலிருந்த குரங்குகள் பொத்துப் பொத்தென்று விழுந்தன.

"உப்புக் கொஞ்சம் கம்மி" என்றது சிங்கம், கண்ணீரைத் துடைத்துக்கொண்டு.

ஸ்கிரீனில் பச்சை எழுத்து மின்னியது: 'வெற்றி! அரசர் உணவருந்தினார்.' இந்த முறை அது பொய்யில்லை.

நீதி: ஒரு 'இல்லேன்னா'வையும் பதிலில்லாமல் விடாதே, கடைசிப் பதிலில் மட்டும் மேலதிகாரியின் பெயரைப் போடு.