அம்மன் தேரின் இடப்பெயர்ச்சி

இறுப்பிட்டி,
புங்குடுதீவு.

கனடாவில் வாழும் பேரன்புக்குரிய ரஜீபன் அண்ணைக்கு,

தம்பி சதீசன் வணக்கத்துடன் எழுதுவது. நானும் பிரியவதனியும் மகள் கம்சிகாவும் இரண்டு ஆடுகளும் சுகமாக இருக்கிறோம். நீங்களும் அண்ணியும் உங்கள் முழங்காலும் அவ்வாறே இருக்க அம்மனை வேண்டுகிறேன்.

"தீவுப் பெட்டைக்குப் பௌதிகவியல் என்னத்துக்கு, கலைப்பிரிவில விடு" என்று போன வருடம் சொன்னீர்கள். இப்போது கேளுங்கள். கம்சிகா உயர்தர வகுப்பில் இயக்கம் என்ற பாடத்தைப் படிக்கத் தொடங்கி ஒரு மாதம்கூட ஆகவில்லை, ஊரே அவளைப் பற்றித்தான் கதைக்கிறது. தேரன்று அம்மன் நாலு வீதியும் சுற்றி, வடம் பிடித்த எங்கள் கையெல்லாம் தோலுரிந்து, தேர் இருப்பிடத்துக்கு வந்ததும், தர்மகர்த்தா அப்புத்துரை அண்ணை மைக்கைப் பிடித்து, "இண்டைக்கு அம்மாள் எவ்வளவு தூரம் வந்திருக்கிறா, பிள்ளையள் ஆராவது சொல்லுங்கோ பாப்பம்" என்றார். கம்சிகா கையை உயர்த்தினாள். அவரும் ஆசையாக மைக்கை நீட்டினார். "தூரம் அரைக் கிலோமீற்றர் வரும். ஆனா வெளிக்கிட்ட இடத்துக்கே வந்திட்டதால இடப்பெயர்ச்சி பூச்சியம்" என்றாள். ஊர் முழுக்கக் கேட்டது.

"அம்மாள் வீதி சுத்தினது பூச்சியமோ?" என்று அப்புத்துரை அண்ணை கொதித்துப் போனார். எல்லோர் முன்னாலும் பிள்ளை மன்னிப்புக் கேட்க வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த வருடம் பூங்காவனத் திருவிழா உபயம் எங்களுக்கு இல்லையாம். அப்பா காலத்திலிருந்து நாங்கள் செய்கிற திருவிழா, அண்ணை! நீங்கள் விமானமேறி வந்து நிற்கிற திருவிழா! பிரியவதனி அழுதாள். எனக்கும் பயம்தான். ஆனால் பிள்ளை கரித்துண்டை எடுத்துக் குசினிச் சுவரில் கோயிலைக் கீறி, இது தொடக்கம், இதுவே முடிவு என்று விளங்கப்படுத்தியபோது எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை. விஞ்ஞானத்தில் மூன்று தரம் கோட்டைவிட்ட எனக்கே விளங்கிவிட்டதே! நேரே அப்புத்துரை அண்ணை வீட்டுக்குப் போய், "என்ர பிள்ளை சொன்னது சரி. மன்னிப்புக் கேக்க ஏலாது. உபயத்தை ஆருக்கும் குடுங்கோ" என்றேன். வரும் வழியில் கண்டவர்களுக்கெல்லாம் இடப்பெயர்ச்சி படிப்பித்தேன். மீன்கார யாக்கோப்பு, "அப்ப நான் விடிய வெள்ளன கடலுக்குப் போட்டு வந்ததும் பூச்சியமோ?" என்று கேட்டான். "ஓம்" என்றேன். அன்று எங்களுக்கு மீன் தரவில்லை.

ஆகவே அண்ணை, அடுத்த வருடம் நீங்கள் வரத் தேவையில்லை. உபயம் போனால் போகட்டும், உங்கள் பெறாமகள் பொறியியலாளராவாள். சொன்ன சொல்லில் ஒரு எழுத்தும் பின்வாங்க மாட்டோம்.

அண்ணிக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பு. அம்மன் எல்லோருக்கும் காவல் நிற்பாளாக.

இப்படிக்கு,
பெருமை தாங்காத தம்பி
சதீசன்

பி.கு.: கடிதத்தை ஒட்டுமுன் நானும் பிள்ளையும் கோயிலடிக்குப் போனோம். அப்புத்துரை அண்ணை தேருக்குக் கீழே குந்தியிருந்து நாடா பிடித்து அளக்கிறார். வந்து சேர்ந்துவிட்டதென்று நாங்கள் நினைத்தாலும், சில்லு மணலில் புதைந்ததால் தேர் இந்த முறை வெளிக்கிட்ட இடத்துக்குச் சரியாக வராமலே நின்றுவிட்டதாம். "பூச்சியமில்லை, பிள்ளை! ரெண்டு முழம், வடக்குப் பக்கம்!" என்று திசையும் சேர்த்துச் சொன்னார். நான் தடுக்கமுன் கம்சிகா, "அளக்காமச் சொன்னது என்ர பிழை, மன்னிச்சுக்கொள்ளுங்கோ" என்று சொல்லிவிட்டாள். உபயம் எங்களுக்குத்தான். மேலே எழுதியதையெல்லாம் வெட்டிவிட்டு விமான ரிக்கெற் போடுங்கள். அடுத்த வருடம் தேரை அளந்து மைக்கில் சொல்லப்போவது உங்கள் பெறாமகள்.