முதலிடம் பிடித்தும் மணி அடிக்காத பூட்டுக்கடை

அன்பும் பொறுமையும் நிறைந்த மாப்பிள்ளை அவர்களுக்கு, மாமா எழுதிக்கொள்வது. இங்கு நானும் உங்கள் அத்தையும் நலம் என்றுதான் தொடங்க வேண்டும். நான் நலம். உங்கள் அத்தை நலமா என்று கேட்டு எழுத வழியில்லை, ஏனென்றால் அவள் என்னோடு பேசுவதில்லை. வீட்டிலிருந்து போனில் சொன்னால் அவள் காதில் விழும், கடைப் போனை வாடிக்கையாளருக்காகக் காலியாக வைத்திருக்கிறேன் என்பதால் கடையில் உட்கார்ந்து எழுதுகிறேன். படித்ததும் கிழித்துவிடவும்.

மாப்பிள்ளையைக் குறை சொல்வது எனக்குப் பழக்கமில்லை. ஆனால் இந்த வினையை ஆரம்பித்து வைத்தது தாங்கள்தான். நம் பூட்டுக்கடையின் வெப்சைட் திறக்க நேரமாகிறது, அதனால்தான் கூகுளில் தேடினால் எதிர்க்கடைக்காரன் முதலிலும் நாம் எங்கோ வாலிலும் வருகிறோம் என்றீர்கள். "சாவியத் தொலைச்சிட்டு வாசல்ல நிக்கறவங்க காத்திருப்பாங்களா மாமா?" என்று கேட்டீர்கள். நியாயமான கேள்வி. நம் வெப்சைட்டில் முதலில் ஷட்டர் மெல்ல மேலே ஏறும், பிறகு வரவேற்பு இசை வரும், சாவிகள் சுற்றிச் சுற்றி ஆடும், கடைசியில் என் மச்சான், அதாவது உங்கள் அத்தையின் செல்லத் தம்பி, கடை திறந்த அன்று பெயர்ப்பலகையை நெஞ்சோடு அணைத்தபடி நின்ற படம் வரும். ஸ்டூடியோக்காரர் சுவர் அளவுக்கு எடுத்ததை அப்படியே ஏற்றியிருந்தேன். முதலில் நெற்றி தெரியும், அப்புறம் மீசை தெரியும், பலகை தெரிவதற்குள் வாடிக்கையாளர் ஜன்னல் வழியாகவே வீட்டுக்குள் போயிருப்பார்.

"படங்களச் சின்னதாக்குங்க, மாமா" என்று சொல்லி, எதை எங்கே அழுத்த வேண்டும் என்பதையும் சொல்லிக் கொடுத்தீர்கள். நான் பூட்டுக்காரன், கழற்ற ஆரம்பித்தால் கடைசித் திருகு வரை கழற்றினால்தான் எனக்குத் தூக்கம் வரும். ஷட்டர், இசை, சாவிகள், மச்சான் எல்லாவற்றையும் தூக்கிவிட்டேன். கடைப் பெயரும் பூட்டுகளைப் பற்றி நான் எழுதிய நாலு வரியும்தான் பாக்கி. இப்போது தொட்டதும் திறக்கிறது. கொஞ்ச நாளிலேயே நாம் முதலிடத்துக்கு வந்துவிட்டோம், எதிர்க்கடைக்காரன் நமக்குக் கீழே. சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்தச் சந்தோஷம் மச்சான் வரும்வரைதான். வாசலிலேயே நின்றுகொண்டு, "அத்தான், என் மூஞ்சி உங்க கடைக்கு அவ்வளவு பாரமாயிடுச்சா?" என்று கேட்டுவிட்டு, போட்ட காபியைத் தொடாமல் போய்விட்டார். உங்கள் அத்தை, "என் தம்பிய எடுத்துட்டுதான் நீங்க முன்னுக்கு வரணுமா?" என்றாள். அவள் பேசிய கடைசி வார்த்தை அதுதான். அதற்கப்புறம் ஆறிப்போன சோறும் டொக்கென்று வைக்கும் டம்ளரும்தான் எனக்கு.

சரி, குடும்பம் போனாலும் கடையாவது நிமிரும்னு பார்த்தா, முதலிடம் வந்ததிலேர்ந்து ஒரு போன் வரல மாப்பிள்ளை! கெட்டுப்போச்சோன்னு நானே எடுத்து எடுத்துக் காதுல வச்சுப் பார்க்கறேன், நல்லாத்தான் இருக்கு. பழைய வெப்சைட் நத்தையா ஊர்ந்தப்பகூட யாராவது ஒரு பொறுமைசாலி தினம் கூப்பிடுவாங்க, இப்ப ஈ காக்கா இல்ல. எதிர்க்கடைக்காரன் வெப்சைட்ல என்ன பெருசா இருக்கு? ஒரு பேரு, ஒரு நம்பரு, அவ்வளவுதான். அதுக்கே அவன் நொடிக்கொருதரம் கருவிப்பையத் தூக்கிட்டுக் கிளம்பறான், போறப்ப எனக்குக் கை வேற காட்டறான். வயிறு எரியுது. இப்படியே போனா கடைய மூடிட்டு அவன்கிட்டயே வேலைக்குப் போக வேண்டியதுதான். ஆகவே தங்கள் படிப்பின் மேல் முழு மரியாதையோடு சொல்கிறேன், வேகம் வந்தால் ஆள் வரும் என்பதெல்லாம் சுத்தப் புருடா.

தாங்களும் என் மகளும் நோய்நொடி இல்லாமல், சாவியை உள்ளே வைத்துப் பூட்டிக்கொள்ளாமல், பல்லாண்டு வாழ ஆசீர்வதிக்கும்,
மாமா.

பி.கு.: உறையை ஒட்டும் நேரத்தில் ஒரு அம்மா, ஒரு கையில் குப்பைக்கூடை, ஒரு கையில் போனுடன் மூச்சிரைக்கக் கடைக்குள் வந்தார். குப்பை கொட்ட வெளியே வந்தபோது கதவு சாத்திக்கொண்டதாம். "தேடினா நீங்கதான் முதல்ல வர்றீங்க, தொட்டா திறக்குது. கூப்பிட நம்பர் எங்கய்யா? நீங்க எழுதின நாலு வரியை நான் கதவுக்குப் படிச்சுக் காட்டணுமா?" என்று பிடிபிடியென்று பிடித்துவிட்டார். தேடிப் பார்த்தேன். நம் நம்பர் இருந்தது ஒரே ஓர் இடத்தில்தான், மச்சான் அணைத்திருந்த பலகையில். அந்த அம்மாவுக்குக் கதவைத் திறந்து கொடுத்துவிட்டு நேராக மச்சான் வீட்டுக்குப் போய், "நீ இல்லாம கடைக்கு ஒரு போன்கூட வராதுப்பா" என்று ஒப்புக்கொண்டேன். செய்தி எனக்கு முன்னால் வீடு போய்ச் சேர்ந்துவிட்டது. சோறு ஆவி பறக்க வந்தது, உங்கள் அத்தை பக்கத்தில் உட்கார்ந்து பரிமாறினாள். எனவே புருடா என்று எழுதியதை மன்னித்து, மச்சானைச் சின்னதாக்கி உடனே ஏற்றிவிடுங்கள். நம்பரை மட்டும் தனியாக எழுதினாலே போதுமே என்று தங்களுக்குத் தோன்றும். எனக்கும் தோன்றியது. மாப்பிள்ளை, உங்களைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன், அதை மட்டும் உங்கள் அத்தையிடம் சொல்லிவிடாதீர்கள்.