பய எப்படி?

நாற்பத்தொன்று. சொந்தக்காரர்களுக்காகச் செண்பகராஜ் இதுவரை பார்த்துக் கொடுத்த பழைய பைக்குகளின் எண்ணிக்கை அது. அவற்றில் வாங்கப்பட்டவை எத்தனை என்று கேட்கிறீர்களா? ஒன்றுகூட இல்லை. இதை அவர் குறையாக நினைப்பதில்லை. நாற்பத்தொரு குடும்பங்களைக் காப்பாற்றியிருப்பதாகத்தான் சொல்லிக்கொள்கிறார்.

அவர் ஒற்றை ஆள் அல்ல, ஓர் இனம். கோவில்பட்டியிலிருந்து எந்தப் பக்கம் பஸ் ஏறி எந்த ஊரில் இறங்கினாலும் இந்த இனத்தில் ஒருவராவது உங்கள் கண்ணில் படுவார். இஸ்டரிக்காரர் என்று பெயர். பழைய வண்டி ஒன்று வாங்கப் போவதாக நீங்கள் வாய்தவறிச் சொல்லிவிட்டால், சாப்பிட்டுக்கொண்டிருந்தாலும் கையை உதறிக்கொண்டு எழுந்து வந்து, உங்கள் தோளைப் பிடித்து நிறுத்தி, முகத்தைச் சாவு வீட்டு முகமாக வைத்துக்கொண்டு ஒரே ஒரு கேள்வி கேட்பார்.

"வண்டியோட இஸ்டரி என்ன?"

அவ்வளவுதான். அதற்குப் பிறகு நீங்கள் வண்டி வாங்க முடியாது.

பூவனநாதனுக்கு நடந்தது அதுதான். கடலைமிட்டாய்க் கம்பெனி ஒன்றில் அவனுக்கு லைன் வேலை கிடைத்திருந்தது. ஊர் ஊராகப் போய்க் கடைகளில் ஆர்டர் எடுக்க வேண்டும். முதலாளி சுருக்கமாகப் பேசுகிறவர். "திங்கக்கிழமை சொந்த வண்டியோட வா. வண்டி இல்லையா, வராத. அடுத்த ஆளு வெளிய நிக்கான்" என்று சொல்லிவிட்டார். இரண்டு வருடமாக வேலை தேடி, கடைசியில் வீட்டில் குழம்பு ஊற்றுகிறபோதுகூட அம்மா பெருமூச்சு விடுகிற நிலைக்கு வந்திருந்தவனுக்கு, இந்த வேலையை விட்டால் வேறு வழி இல்லை. நேராகப் போய் ஒரு வண்டியை வாங்கியிருக்கலாம். ஆனால் செண்பகராஜ் அவனுடைய அக்கா பாண்டிச்செல்வியின் கணவர். அத்தானைக் கேட்காமல் வண்டி வாங்கிவிட்டு அக்காவின் முகத்தில் எப்படி விழிப்பது?

முதல் வண்டி இடைசெவலில் இருந்தது. செண்பகராஜ் மூன்று சுற்று சுற்றினார். குத்துக்காலிட்டு உட்கார்ந்து சைலன்சரை முகர்ந்தார். டேங்கில் காதை வைத்துக் கேட்டார். பிறகு மட்கார்டுக்கு அடியில் விரலை விட்டு, காய்ந்திருந்த மண்ணைச் சுரண்டி, உள்ளங்கையில் வைத்து எச்சில் தொட்டுக் குழைத்தார்.

"மாப்ள, இதப் பாரு. மேல கரிசல். உள்ள செம்மண்."

"சரி, அத்தான்."

"என்னலே சரி? கரிசக்காட்டுக்காரன் வண்டிக்குச் செவக்காட்டுல என்ன சோலி?"

பூவனநாதன் வண்டிக்காரரைப் பார்த்தான். வண்டிக்காரர் தன் மட்கார்டைப் பார்த்தார். வண்டி தள்ளுபடி.

அடுத்த வண்டி, வருஷா வருஷம் சக்கரத்தில் எலுமிச்சம்பழம் நசுக்கிய தடம் இருந்ததால் போயிற்று. "எதுக்கு இம்புட்டுப் பயம்? என்னமோ நடந்திருக்கு." அதற்கு அடுத்தது, எலுமிச்சம்பழத் தடமே இல்லாததால் போயிற்று. "சாமிக்கே பயப்படாதவன் ஆயில் மாத்திருப்பானா?" நான்காவது வண்டியின் டேங்கில் ஒரு ஸ்டிக்கரை உரித்த அடையாளம் இருந்தது. அந்த இடத்தில் எந்தப் பெண்ணின் பெயர் இருந்தது, அவள் இப்போது எங்கே இருக்கிறாள் என்பது தெரியாமல் பணம் கொடுக்க முடியாது என்று அவர் சொல்லிவிட்டார். வண்டிக்காரரின் மனைவி பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தார். அந்த வீட்டில் அன்று என்ன நடந்தது என்பது நமக்குத் தேவையில்லை.

இந்த நான்கையும் சேர்த்துத்தான் நாற்பத்தொன்று. இதற்குள் வெள்ளிக்கிழமை ஆகிவிட்டது.

ஐந்தாவது வண்டி பசுவந்தனையில் இருந்தது. சொர்ணத்தாய் என்பவரின் மகன் சக்திகுமார் சரக்கு ஏற்றுவதற்காக ஒரு குட்டியானை வேன் வாங்கிவிட்டான்; பைக் வீட்டில் சும்மா நின்றது. பூவனநாதன் பஸ்ஸில் வரும்போதே போனில் வண்டி நம்பரைப் போட்டுப் பார்த்துவிட்டான். ஒரே ஓனர். கடன் இல்லை. இன்சூரன்ஸ் இருக்கிறது. வழக்கு, அபராதம் எதுவும் கிடையாது. ஆசையாகப் போனை நீட்டினான். செண்பகராஜ் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"போன்ல தெரியுதது ஊருக்கே தெரியும் மாப்ள. ஊருல நாலு பேருக்கு மட்டும் தெரியும் பாத்தியா, அதுக்குப் பேருதான் இஸ்டரி."

அந்த நாலு பேரிடம் விசாரிப்பதற்கு அவரிடம் ஒரு முறை இருந்தது. வண்டி என்ற சொல்லை வெளியே விடக்கூடாது. விட்டால் விலை ஏறும். வேறு எவனாவது முந்திக்கொள்வான். எனவே விசாரணை முடிகிற வரைக்கும் வண்டிக்குப் 'பய' என்று பெயர்.

பஸ் நிறுத்தத்தில் பேபி என்ற பெண் டீக்கடை வைத்திருந்தார். செண்பகராஜ் இரண்டு டீ சொல்லிவிட்டு, மேற்கே பார்த்துக்கொண்டு, ஏதோ மழையைப் பற்றிக் கேட்பதுபோல ஆரம்பித்தார்.

"சொர்ணத்தாய் வீட்டுப் பய எப்படி?"

பேபியின் கை ஆற்றிக்கொண்டிருந்த டீயோடு அப்படியே நின்றது. வெளியூர்க்காரர், வெள்ளை வேட்டி, கூட ஒரு இளவட்டம், கேட்கிற கேள்வியோ இது. அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. டீயில் சர்க்கரையைக் கூடப் போட்டார்.

"தங்கமான பய அண்ணாச்சி."

"கீழ விழுந்து, அடிகிடி பட்டு..."

"ஒரே ஒரு தடவ. கம்மாக் கரையில சறுக்கி விழுந்துட்டான். லேசான சிராய்ப்பு. இப்பத் தடமே தெரியாது."

"புகை?"

"ஏ, அந்தப் பழக்கமே கெடையாது!"

"குடிக்கது?"

"கோயில் கொடைக்கும் பொங்கலுக்கும் லேசா. மத்த நாளு பச்சத்தண்ணிதான்."

செண்பகராஜ் பூவனநாதனின் தொடையைக் கிள்ளினார். "மைலேஜப் பாத்தியாலே!" என்று காதுக்குள் சொன்னார். பசுவந்தனையில் பைக்கை அவன் இவன் என்றுதான் சொல்வார்கள் போலிருக்கிறது என்று பூவனநாதன் நினைத்துக்கொண்டான். பச்சைத்தண்ணீர் மட்டும் கொஞ்சம் இடித்தது.

"காலையில ஒரே மிதியில எந்திரிப்பானா?"

"அது ஒண்ணுதான் கொற. அவுக அம்மா நாலு மிதி மிதிச்சாத்தான் எந்திரிப்பான்."

"கிக்கர் டைட்டு. அது பாத்துக்கிடலாம். ராத்திரி எங்கன கெடப்பான்? வெளியவா, உள்ளயா?"

"எட்டு மணிக்கெல்லாம் வீட்டுக்குள்ள வந்துருவான் அண்ணாச்சி."

"இதுக்கு முன்ன யாரும் வந்து பாத்தாவளா?"

"ரெண்டு பேரு வந்தாவ. கேசரியத் தின்னுட்டு, போயி சொல்லி விடுதோம்னு போனவிய, போனவியதான்."

"வேற எவன் கையிலயும் போவலையே?"

பேபி டம்ளரை ணங்கென்று வைத்தார். "என்ன அண்ணாச்சி பேச்சு இது? அப்படியாப்பட்ட குடும்பம் இல்ல அது! ஆமா, நீங்க எந்தூரு? யாருக்காகக் கேக்குதீங்க?"

"எல்லாம் நம்ம ஆளுகதான். வீட்டுல ஒரு தேவை இருக்கு" என்றார் செண்பகராஜ், ரகசியம் காத்த பெருமையோடு.

சனிக்கிழமையும் வந்தார். உரக்கடையில் கேட்டார். அரிசி மில்லில் கேட்டார். கோயில் வாசலில் பூ விற்றவரிடம் கேட்டார். தன் வாழ்நாளில் இப்படி ஓர் இஸ்டரியைச் செண்பகராஜ் கண்டதில்லை. ஊரே அந்த வண்டிக்காக வரிந்து கட்டிக்கொண்டு பேசியது. ஒருவர் கையெடுத்துக் கும்பிட்டு, "எப்படியாச்சும் முடிச்சு விட்டிருங்க அண்ணாச்சி, அந்தப் பயலுக்கு வயசாகுது" என்றார். மாடல் பழசு என்பதைத்தான் எவ்வளவு நாகரிகமாகச் சொல்கிறார்கள் என்று செண்பகராஜ் நெகிழ்ந்துபோனார்.

பயலைப் பார்க்க வருவதாகப் பேபியிடம் முன்கூட்டியே சொல்லி வைத்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இருவரும் பணத்தோடு போனார்கள். சொர்ணத்தாய் வீட்டு வாசலில் தண்ணீர் தெளித்துக் கோலம் போட்டிருந்தது. வாடகைக்கு எடுத்த பிளாஸ்டிக் நாற்காலிகள் வரிசையாகக் கிடந்தன. பட்டுச்சேலை உடுத்திய நாலைந்து பெண்கள் எட்டி எட்டிப் பார்த்தார்கள். தட்டில் கேசரியும் காராச்சேவும் வந்தன. ஒரு பழைய வண்டியை விற்பதற்கு இவ்வளவு மரியாதையா என்று பூவனநாதனுக்கு வியர்த்தது. நாளைக்குத் திங்கட்கிழமை என்பது மட்டும் அவன் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

செண்பகராஜ் கேசரியை முடித்துவிட்டுத் தொண்டையைச் செருமினார்.

"சரி, பயலைக் கொண்டாங்க. வெளிச்சத்துல வச்சுப் பாக்கணும்."

மொடமொடக்கும் புதுச் சட்டையும், எண்ணெய் வைத்துப் படியச் சீவிய தலையுமாகச் சக்திகுமார் வந்து வெயிலில் நின்றான்.

"தம்பி ஒரு ஓரமா நில்லுங்க. பயலைக் கொண்டாங்கம்மா."

"இவன்தாம்யா பய" என்றார் சொர்ணத்தாய்.

பூவனநாதனின் தலைக்குள் பச்சைத்தண்ணீரும், அம்மா மிதிக்கிற நாலு மிதியும், கேசரி தின்று போன இரண்டு பேரும் வரிசையாக வந்து நின்றார்கள். அவன் மெல்ல எழுந்தான்.

"அம்மா, தப்பா எடுத்துக்கிடாதீங்க. எங்க வீட்டுல பொண்ணு யாரும் இல்ல. நாங்க பைக் வாங்க வந்தோம்."

"பைக்கா? அத விக்கது இல்லன்னு நேத்தே முடிவாயிட்டே. பொண்ணு வீட்டுலேர்ந்து ஆளு வந்து போனதுக்கு அப்புறம் வண்டிய விப்பாங்களா? மாப்பிள்ள மாமியா வீட்டுக்குக் குட்டியானையிலயா போவான்?"

"அம்மா, நாளைக்கு வண்டி இல்லன்னா எனக்கு வேலை போயிரும்மா."

சொர்ணத்தாய் அவனை விட்டுவிட்டுச் செண்பகராஜிடம் திரும்பினார். "அப்ப ரெண்டு நாளா ஊருக்குள்ள எம் மவன் குடிப்பானா, புகைப்பானான்னு கேட்டுத் திரிஞ்சது?"

"மைலேஜ் கேட்டேன்" என்றார் செண்பகராஜ். அவர் அவ்வளவு சின்னக் குரலில் பேசிப் பூவனநாதன் கேட்டதே இல்லை. "இஸ்டரி தெரியாம வாங்கப்படாதுல்லாம்மா..."

பட்டுச்சேலைகள் ஒவ்வொன்றாக உள்ளே போயின. சக்திகுமார் மட்டும் என்ன செய்வதென்று தெரியாமல் வெயிலிலேயே நின்றான். சொர்ணத்தாய் சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு செண்பகராஜின் முன்னால் வந்து நின்றார். விளக்குமாற்றை எடுக்கப் போகிறார் என்று பூவனநாதன் செருப்பில் காலை நுழைத்தபோது, அவர் வாயைத் திறந்தார்.

"ஏன் வேய், கேவலம் ஒரு வண்டிக்கு இம்புட்டு விசாரிக்கீரே. ஒரு பொண்ணுக்குன்னா எம்புட்டு விசாரிப்பீரு?"

செண்பகராஜின் முதுகு தானாக நிமிர்ந்தது.

"எங்களுக்கு அப்படி ஒரு ஆளு இல்லாமத்தான் இவனுக்கு இன்னும் அமையல. வண்டிய எடுத்துட்டுப் போங்க. ஆனா எம் மவனுக்குப் பொண்ணு விசாரிச்சுக் குடுக்க வேண்டியது உம்ம பொறுப்பு."

பூவனநாதன் பணத்தைக் கொடுத்துச் சாவியை வாங்கிய வேகத்தில் அத்தானை அங்கேயே விட்டுவிட்டுக் கிளம்பினான். கிக்கரை நாலு மிதி மிதிக்க வேண்டியிருந்தது. திங்கட்கிழமை காலை கம்பெனி வாசலில் வண்டியோடு நின்றான். வேலை உறுதியாயிற்று. நாற்பத்திரண்டில் ஒன்று வாங்கப்பட்டுவிட்டதே என்று செண்பகராஜ் வருத்தப்படுகிறாரா என்று கேட்டால், இல்லை; அவருக்கு நேரமில்லை. இதுவரை ஆறு பெண்களின் இஸ்டரி பார்த்தாயிற்று. ஒரு வீட்டில் தாய்மாமனுக்குச் செவக்காட்டில் என்ன சோலி என்பது தெளிவாகவில்லை. இன்னொரு வீட்டில் எல்லாம் சரியாக இருந்தது. அதுதான் அவருக்குச் சந்தேகம். ஆறும் தள்ளுபடி.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் இவ்வளவு தூரம் படித்ததில் அந்த வண்டி என்ன மாடல், எத்தனை கிலோமீட்டர் ஓடியது, என்ன விலைக்கு முடிந்தது என்று உங்களிடம் சொல்லவே இல்லை. நடுவில் எங்கேயோ அது உங்களுக்கு உறுத்தியதா? அந்த நாலாவது வண்டியின் ஸ்டிக்கரில் யார் பெயர் இருந்திருக்கும் என்று ஒரு விநாடி யோசித்தீர்களா? அப்படியானால் தயவுசெய்து உங்கள் மைத்துனரைத் தனியாக வண்டி வாங்கப் போக விடுங்கள்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை சக்திகுமாருக்கு நாகலாபுரத்தில் ஒரு பெண் பார்க்கிறார்கள். செண்பகராஜ் வியாழக்கிழமையே பஸ் ஏறிவிட்டார்.