பொய்ப்பல்

“ஐயா பல் டாக்டர்கிட்ட போயிருக்காரும்மா” என்று போனில் சொன்ன பிறகுதான், தான் என்ன சொன்னோம் என்பதே அமைச்சரின் உதவியாளருக்கு உறைத்தது.

குற்றம் எதிர்ச் சுவரில் தொங்கிய காலண்டருடையது. அதில் அமைச்சர் குடும்பத்துப் பல் டாக்டர் முப்பத்திரண்டும் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார். புதன்கிழமை காலை தவறாமல் அமைச்சரின் மனைவி போன் செய்து, “ஐயா எப்ப வருவார்?” என்று கேட்பார். புதன்கிழமை காலை தவறாமல் அமைச்சர் ‘இரண்டாம் மாடி’யில் இருப்பார். அங்கே அவர் சந்திக்கும் பெண்மணியின் பெயர் அலுவலகத்தில் யாருக்கும் தெரியாது. அவர் குடியிருந்த மாடியே பெயராகி நிலைத்துவிட்டது.

வழக்கமான பொய், ‘கூட்டத்தில் இருக்கிறார்’ என்பது. இன்றைக்கு அது செல்லாது. மாலையில் நடக்கவிருந்த குடும்ப ஒழுக்க மாநாட்டுக்காக மற்றக் கூட்டங்கள் எல்லாம் ரத்து என்று காலைப் பத்திரிகையிலேயே வந்திருந்தது.

முன்பிருந்த உதவியாளர் இதே கேள்விக்கு ஒரு நாள் “தெரியலைம்மா” என்று உண்மையைச் சொன்னார். இப்போது ஏதோ ஒரு தீவில், கலங்கரை விளக்கத்தில் வேலை பார்க்கிறார். நம்மவருக்குப் போன மாதம்தான் அரசுக் குடியிருப்பு கிடைத்தது. மனைவிக்கு நிறைமாதம். வேலை போனால் வீடும் போய்விடும்.

“எந்த டாக்டர்?” என்றார் அம்மா.

“நம்ம குடும்ப டாக்டர்தாம்மா. நாற்காலியில உக்கார வெச்சிட்டாங்களாம்.”

மறுமுனையில் ஏதோ தட்டு விழுந்து உருண்டது.

“அப்படியா. எந்தப் பல்லு?” அம்மாவின் குரல் லேசாக நடுங்கியது.

“கடைவாய்ப்பல்லும்மா. பிடுங்கியே ஆகணும்னுட்டாராம்.”

“பாவம். பிடுங்கட்டும்” என்று சொல்லி அம்மா போனை வைத்துவிட்டார்.

மத்தியானம் அமைச்சர் புதுப் பூ மாதிரி வந்து சேர்ந்தார். உதவியாளர் எல்லாவற்றையும் ஒப்பித்தார். அமைச்சர் கோபப்படவில்லை. பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்ல வேண்டும் என்பது அவருடைய கொள்கை. அவர் பொய் சொல்வதைப் பக்கத்தில் நின்று பார்ப்பது, கைதேர்ந்த தச்சர் பலகை இழைப்பதைப் பார்ப்பது போல. தடவிப் பார்த்தால் ஒரு சிராய் இருக்காது.

“கடைவாய்ப்பல்லா? கெட்டிக்காரன்யா நீ. உள்ள இருக்கறதை எவன் எட்டிப் பாக்கப் போறான்?”

பஞ்சை உருட்டிக் கன்னத்துக்குள் அடக்கிக்கொண்டார். கண்ணாடியை ஒரு பார்வை பார்த்தார். அவ்வளவுதான், முகம் சுருங்கிக் கண்ணில் நீரே கட்டிவிட்டது. உதவியாளருக்கு நெஞ்சு பதறிவிட்டது. “ரொம்ப வலிக்குதாங்கய்யா?” என்று நிஜமாகவே கேட்டார்.

அந்த நேரம் பார்த்து டி.வி.யில் அம்மா வந்தார். வீட்டு வாசலில் நின்று நிருபர்களிடம் உருகிக்கொண்டிருந்தார். “முன்பல்லுங்க. காலையிலதான் பிடுங்கினாங்க. வாயைத் திறந்தா ஓட்டைதான் தெரியுது. படுங்கன்னா கேக்கலையே, மக்களைப் பாத்தே ஆகணும்ங்கறார்.”

அமைச்சர் பஞ்சைத் துப்பினார்.

தான் கடைவாய் என்றுதான் சொன்னதாக உதவியாளர் சத்தியம் செய்தார். அம்மா காதில் தப்பாக விழுந்திருக்கிறது, மறுப்பு கொடுத்துவிடலாம் என்றார்.

“என் பொண்டாட்டி சொன்னது பொய்னு நானே சொல்றதா? அதுவும் குடும்ப ஒழுக்க மாநாட்டு அன்னிக்கு?”

முன்பல் மேல் கறுப்புத் தாளை வெட்டி ஒட்டிப் பார்த்தார்கள். அமைச்சர் ‘பெரியோர்களே’ என்று ஆரம்பித்ததும் அது பறந்து போய் உதவியாளரின் மூக்குக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டது. அமைச்சர் எழுந்தார். சட்டையைச் சரிசெய்துகொண்டு, “வண்டியை எடுக்கச் சொல்லு” என்றார்.

கிளினிக்கில் டாக்டரின் முகத்தில் ஈயாடவில்லை. பல்லுக்கு என்ன என்று அவர் கேட்கவில்லை, எந்தப் பல் என்றும் கேட்கவில்லை. நேராக முன்பல் ஈறில் ஊசியைப் போட்டார். பதவிக்கு எவ்வளவு மரியாதை என்று உதவியாளர் வியந்தார். ஆனாலும் மனசு கேட்கவில்லை.

“நல்ல பல்லாச்சே ஐயா.”

“நல்ல பல்லுதான். ஆனா அதைக் காலையிலேயே பிடுங்கியாச்சே” என்று அமைச்சர் வாயைத் திறந்தார்.

உண்மைக்காக உயிரை விட்டவர்களைப் பற்றி உதவியாளர் பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறார். பொய்க்காக ஒரு மனிதர் பல்லை விடுவதை இப்போதுதான் பார்த்தார். அவருக்குப் புல்லரித்தது.

பல் போனால் சொல் போச்சு என்பார்கள். அமைச்சருக்குப் பல் போன பிறகுதான் சொல்லே வந்தது. “ஷத்தியம்தான் இல்லறத்துக்கு அஷ்திவாரம்” என்று அவர் மாநாட்டு மேடையில் முழங்கியபோது, ஓட்டை வழியாக விசில் சத்தமும் சேர்ந்து வந்தது. ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. வலியைப் பொறுத்துக்கொண்டு உண்மை பேச வந்த மனிதர் என்று அரங்கமே கண்ணைத் துடைத்தது. முன்வரிசையில் அம்மா கைக்குட்டையால் வாயைப் பொத்தியிருந்தார், தோள்கள் குலுங்கின. கேமரா அவரைவிட்டு நகரவே இல்லை. இந்த அப்பாவியையா வாராவாரம் ஏமாற்றுகிறோம் என்று உதவியாளருக்கு வெட்கமாக இருந்தது. அவரும் அழுதுவிட்டார்.

மேடையிலிருந்து இறங்கிய அமைச்சர் உதவியாளரின் தோளில் தட்டினார். இனி அவரை இந்த வேலையிலிருந்து யாரும் அசைக்க முடியாது என்றார். பிறகு காதோடு, “பொய்ப்பல் கட்டணும்கற ஷாக்கு ரெண்டு மாஷம் ஓடும்யா. டாக்டர்கிட்ட எல்லா நேரத்தையும் புதன்கிழமை காலையா வாங்கிடு” என்றார். பிடுங்கிய ரத்தம் காய்வதற்குள் அதிலும் ஒரு லாபம் பார்த்த மூளையைக் கும்பிட வேண்டும் போல இருந்தது உதவியாளருக்கு.

மாநாடு முடிந்த கையோடு அவர் கிளினிக்குக்கு ஓடினார். டாக்டர் காய்ச்சல் என்று வீட்டுக்குப் போய்விட்டிருந்தார். நர்ஸ் மட்டும் நெளிந்துபோன தட்டு ஒன்றை நிமிர்த்த முயன்றுகொண்டிருந்தாள். புதன்கிழமை காலை நேரம் வேண்டும் என்று உதவியாளர் மிடுக்காகக் கேட்டார்.

“புதன்கிழமை காலை மட்டும் முடியாது சார், அது அமைச்சர் வீட்டு அம்மாவோட நேரம், கதவைச் சாத்திக்குவாங்க” என்றாள் நர்ஸ். “இன்னிக்குக்கூட அம்மா யார்கிட்டயோ போன் பேசி முடிச்சுட்டு டாக்டரைத் திட்டினது மட்டும்தான் வெளிய கேட்டுச்சு: ‘ஏன்டா தட்டைப் போட்டு உடைக்கறே? அவர் வருவார், முன்பல்லையே பிடுங்கிடு.’”