ஒன்பதாம் மேஜையின் விளக்கு

எங்கள் இடமாற்றத் துறையில் இருபத்துநாலு மேஜைகள். நீளமான ஒரே ஹால், ஒரே வரிசை. நான் பத்தாம் மேஜை. வீட்டில் எனக்குப் பெயர் உண்டு; ஆபீசில் பத்து.

வேலை முறை எளிது. மாதத்துக்கு ஒரு கட்டு வரும். அதில் இருபத்துநாலு விண்ணப்பத் தாள்கள், மேஜைக்கு ஒன்று. வேலைப் பளு அதிகம்தான், என்ன செய்வது. மேஜைக்கு ஒரு இனம்: ஒன்பதுக்கு நூலகர்கள், பத்துக்குச் சமையல் ஊழியர்கள், பதினாறுக்கு பஸ் கண்டக்டர்கள், பதினேழுக்கு நர்ஸ்கள், பதினெட்டுக்கு மிருகக்காட்சிசாலை. தாள்களும் அதே வரிசையில் அடுக்கியிருக்கும். ஒவ்வொருவரும் மேலே இருக்கும் தாளை எடுத்துக்கொண்டு மீதிக் கட்டை அடுத்த மேஜைக்குத் தள்ள வேண்டும். பிறகு தாளில் பெயர், கேட்ட ஊர் என்ற இரண்டு கட்டங்களை மட்டும் பார்த்து, அந்த நபரை அந்த ஊரில் தன் இனத்து வேலையில் போட்டு முத்திரை குத்த வேண்டும். மற்றதைப் படிக்கக் கூடாது என்று விதி ஏதும் இல்லை. படிக்கத் தேவையில்லாதபடி முறை வகுத்திருந்ததால் யாரும் படிப்பதில்லை.

அந்த வருஷம்தான் ஊரெங்கும் விளக்குப் பித்து பிடித்தது. வங்கி வாசலில் நீலம் ஓடியது. வரி ஆபீஸ் கூரையில் ஊதா ஓடியது. நீதிமன்றத்தில்கூட, தீர்ப்பு ஓடாவிட்டாலும், வானவில் ஓடியது. எங்கள் துறைத் தலைவருக்கு, அவரைப் பெரியவர் என்போம், இது மானப் பிரச்சினையாகிவிட்டது. ஒரு விளக்குக்காரரை வரவழைத்து மேஜைக்கு ஒரு பல்பாக இருபத்துநாலு பல்புகளைத் தலைக்கு மேலே வரிசையாக மாட்டச் சொன்னார். சுற்றறிக்கையும் வந்தது: "பச்சை எரிந்தால் ஊழியர் பணியில் உள்ளார் என்றும், சிவப்பு எரிந்தால் விசாரணைக்கு உட்பட்டுள்ளார் என்றும், எரியாவிட்டால் பணிக்கு வரவில்லை என்றும் கொள்ளப்படும்."

விளக்குக்காரர் மெலிந்த, அமைதியான மனிதர். என் மேஜைமேல் ஏறி நின்று மாட்டிக்கொண்டே பேசினார்.

"இது சாதா பல்பு இல்ல சார். ஒவ்வொண்ணுக்குள்ளயும் ஒரு சிப் இருக்கு. இருபத்துநாலுக்கும் உண்டான நிறம் ஒரே கம்பியில வரும். முதல் பல்பு மேல இருக்கிற நிறத்தைத் தனக்கு எடுத்துக்கிட்டு மீதியை அடுத்ததுக்குத் தள்ளிடும். அது ஒண்ணை எடுத்துக்கிட்டு அதுக்கு அடுத்ததுக்குத் தள்ளும்."

"எங்க ஆபீஸ் மாதிரியே இருக்கே" என்றேன் பெருமையாக.

"ஆமா சார்" என்றவர் கீழே இறங்கி, குரலைத் தணித்துக்கொண்டார். "இந்த மாசக் கட்டுல பதினேழாவது தாள் என் வீட்டுக்காரியோடது. நர்ஸ். ரெண்டு ரயில் மாறிப் போகணும், அவ்வளவு தூரத்துல இருக்கா. பொண்ணுக்கு மூணு வயசு. அப்பா எங்கேன்னு கேட்டா போனை எடுத்துக் காட்டுறா. கொஞ்சம் பாத்துக்கங்க."

பார்த்துக்கொள்கிறேன் என்றேன். இதைச் சொல்லத்தான் எங்களுக்குச் சம்பளம்.

பத்து நாள் எல்லாம் பச்சையாக எரிந்தது. பதினோராம் நாள் காலை ஒன்பதாவது பல்பு செத்தது. அதோடு பத்திலிருந்து இருபத்துநாலு வரை எல்லாம் இருண்டன. நான் பெரியவரிடம் ஓடினேன்.

"சார், விளக்கு எரியல."

அவர் நிமிர்ந்து என்னைப் பார்க்காமல், என் மேஜைக்கு மேலே பார்த்தார். "நீ இன்னைக்கு வரலியே."

"வந்துட்டேன் சார். இதோ நிக்கிறேன்."

"வராத ஆள்கிட்ட நான் எப்படிப் பேச முடியும்?" என்று கோப்பில் தலையைக் கவிழ்த்துக்கொண்டார்.

வராத நாங்கள் பதினாறு பேரும் மத்தியானம் வரை ஆலோசித்தோம். வேலை செய்தால் வராமலே வேலை செய்த குற்றம் ஆகும் என்பதால், யாரும் கட்டைத் தொடவில்லை. மாலையில் பதினாறு பேருக்கும், முன்னறிவிப்பின்றி வராமல் இருந்ததற்கு, மெமோ நேரில் வழங்கப்பட்டது.

விளக்குக்காரர் வந்து ஏணி போட்டுப் பார்த்தார். "ஒண்ணுதான் சார் போயிருக்கு. மத்ததெல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஒன்பது தள்ளினாத்தானே பத்துக்குப் போகும்?"

"அதுக்கு வழி இல்லையா?" என்றார் பெரியவர்.

"வேற ரகம் இருக்கு சார். அதுல கூடுதலா ஒரு கம்பி ஓடும். ஒண்ணு செத்தாலும் அடுத்தது அதுக்கும் முந்தினதுகிட்டேர்ந்து வாங்கிக்கும். பக்கத்துப் பக்கத்துல ரெண்டு செத்தாத்தான் நிக்கும்."

பெரியவர் முகம் மாறியது. "ஒருத்தன் வேலை செய்யலைன்னாலும் வேலை நடக்கும்னு சொல்றியா? அதை இத்தனை பேர் பாக்கிற மாதிரி மேல தொங்கவிடச் சொல்றியா?"

அந்த ரகம் ஒழுங்குக்கு ஊறு விளைவிக்கும் என்று நிராகரிக்கப்பட்டது. பதிலுக்குச் சரக்கறையிலிருந்து ஒரு பல்பு வந்தது. விளக்குக்காரர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது வேற சிப் சார். கம்பி சேரும், வோல்ட்டும் சேரும். ஆனா நிறத்தை வாங்குற வரிசை வேற. மத்ததெல்லாம் பச்சையை முதல்ல வாங்கும், இது சிவப்பை முதல்ல வாங்கும். பச்சைன்னு அனுப்பினா சிவப்பா எரியும். புரோகிராம்ல ஒரு வரி மாத்தினா சரியாயிடும், ரெண்டு நிமிஷம்."

"மாட்டிட்டு அப்புறம் மாத்து" என்றார் பெரியவர்.

மாட்டினார். இருபத்துமூன்று பச்சை. ஒன்பதாம் மேஜைக்கு மேலே சுடச்சுடச் சிவப்பு. விளக்குக்காரர் லேப்டாப்பைத் திறப்பதற்குள் பெரியவர் கையை உயர்த்தினார்.

"தொடாதே. ஊழியர் விசாரணைக்கு உட்பட்டிருக்கிறார். விசாரணையில நீ தலையிடக் கூடாது."

"விசாரணையே இல்லையே சார்."

"இல்லாம எப்படி சிவப்பு எரியும்?"

விசாரணைக் குழு அன்றே அமைந்தது. ஒன்பதாம் மேஜை அண்ணன் இருபத்தாறு வருஷ சர்வீஸ். ஒரு ஈ எறும்புக்கும் தீங்கு செய்யாதவர். அவரை நிற்க வைத்து, "உங்க மேல என்ன குற்றச்சாட்டு?" என்று கேட்டார்கள். தெரிந்தால்தானே கேள்வியைத் தொடர முடியும்? சுவரோரம் நின்று நாங்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம். அண்ணன் ஒருமுறை மேலே சிவப்பைப் பார்த்தார். கண் கலங்கிவிட்டது.

"கண்டுபிடிச்சிட்டீங்களா சார். நான் படிப்பேன்."

"என்ன படிப்பீங்க?"

"தாளை. எடுக்கிறதுக்கு முன்னாடி கட்டு முழுசையும் ஒருதடவை படிச்சிருவேன். வரிசை மாறியிருந்தா அடுக்கி வெச்சுத் தள்ளுவேன். பதினோரு வருஷமா இப்படித்தான் சார். வீட்டுக்குக்கூடத் தெரியாது."

எங்கள் கட்டு ஏன் ஒவ்வொரு மாதமும் ஒன்பதில் அரை நாள் தங்குகிறது என்பது அன்றுதான் விளங்கியது. பெரியவர் சொன்னார், "விளக்கு பொய் சொல்லாதுன்னு நான் அப்பவே சொன்னேன்." அண்ணன் தற்காலிகப் பணிநீக்கம் செய்யப்பட்டார். நான் ஒரு வார்த்தை பேசவில்லை. என் தலைமேல் பச்சை எரிந்துகொண்டிருந்தது, அதைக் கெடுத்துக்கொள்ள மனம் வரவில்லை. இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

நீக்கப்பட்டவர் மேஜைமேல் பல்பு இருக்கக் கூடாது என்று உத்தரவானது. விளக்குக்காரர் ஒன்பதைக் கழற்றி, எட்டிலிருந்து பத்துக்கு நேராக ஒரு கம்பி இழுத்தார். பிறகு லேப்டாப்பில் எதையோ அழித்தார்.

"என்ன அழிக்கிறீங்க?" என்றேன்.

"ஒன்பதாவது நிறத்தை சார். பல்பை எடுத்துட்டு நிறத்தை விட்டுவெச்சா, ஒன்பதுக்கு உள்ளதைப் பத்து எடுத்துக்கும், பத்துக்கு உள்ளதைப் பதினொண்ணு எடுத்துக்கும். கடைசி வரைக்கும் ஒண்ணொண்ணா நகர்ந்திரும்." கெட்டிக்காரர். விளக்கு விஷயத்தில் அவர் ஒருநாளும் தவறியதில்லை.

விளக்கு ஓடியது. கட்டு ஓடவில்லை. எட்டாம் மேஜை அக்காவிடம் நின்றுவிட்டது. எனக்கும் அவருக்கும் நடுவே ஒரு காலி மேஜை.

"அக்கா, இங்க தள்ளுங்களேன்."

"ஒன்பதுக்குத்தான் தள்ளணும்னு இருக்கு. நீ வந்து எடுத்துக்கோ."

"ஒன்பது தந்தாத்தான் நான் வாங்கணும்னு இருக்கு."

"அப்ப ஒன்பது வரட்டும்" என்று அக்கா ஸ்வெட்டர் பின்னப் போய்விட்டார்.

மூன்று வாரம். விளக்குக்காரர் தினமும் ஏதாவது பல்பைத் துடைக்கிற சாக்கில் வருவார். கட்டைப் பார்ப்பார், போவார். ஒருநாள் போனில் மகளுடன் பேசிக்கொண்டிருந்தார். "வந்திருவீங்கடா கண்ணு, இன்னும் ஒன்பது மேஜைதான்" என்று சொன்னது என் காதில் விழுந்தது. அன்று சாப்பாட்டு இடைவேளையில் நாங்கள் எல்லோரும் எழுந்து போனதும், அவர் எட்டிலிருந்த கட்டை இரண்டு கையாலும் எடுத்து என் மேஜையில் வைத்துவிட்டார்.

விளக்குக்கு மறக்காமல் செய்ததைத் தாளுக்குச் செய்ய மறந்துவிட்டார். ஒன்பதாவது தாளை எடுக்கவில்லை.

நான் திரும்பி வந்தேன். கட்டு இருந்தது. மேல் தாளை எடுத்தேன், மீதியைத் தள்ளினேன். பெயர் பார்த்தேன், ஊர் பார்த்தேன், முத்திரை குத்தினேன். அந்தத் தாளுக்குரியவர் ஒரு நூலகர் என்றும், அவரைச் சிறைச்சாலைச் சமையற்கூடத்தில் போட்டுவிட்டேன் என்றும் பின்னால்தான் தெரிந்தது. எனக்கு அப்புறம் பதினாலு பேர், ஒருவர்கூடப் படிக்கவில்லை. கண்டக்டர் நர்ஸ் ஆனார். நர்ஸ் மிருகக்காட்சிசாலைக்குப் போனார். கடைசித் தாள் எந்த மேஜைக்கும் சேராமல் தரையில் கிடந்தது. அது பெரியவர் ஓய்வு பெறுவதற்கானது. ஆகவே அவர் இன்னும் ஓய்வு பெறவில்லை.

ஒரு வாரத்தில் விளக்குக்காரர் உத்தரவோடு வந்தார். கூடவே மனைவியும், அவர் தோளில் தூங்கும் மகளும்.

"சார், ஊர் சரியா வந்திருச்சு. ஆனா கரடிக் கூண்டுன்னு போட்டிருக்கு."

"திருத்தலாம். திருத்த மனு கொடுத்தா பழைய உத்தரவு ரத்தாகும். ரத்தானா பழைய ஊருக்கே போய்க் காத்திருக்கணும். மனு கட்டோட வரும். கட்டு எட்டுல நிக்கும்" என்றேன்.

கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்த அம்மாள் உத்தரவை வாங்கி மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டார். "கரடியும் ஊசி போட்டா கத்தத்தானே செய்யும். பழகிக்கலாம்" என்றார். எனக்கு நெஞ்சு லேசாயிற்று. ஒரு குடும்பம் சேர்ந்ததே, அது போதும் என்று நிம்மதியாக வீட்டுக்குப் போனேன்.

ஆறு மாதம் ஆயிற்று. ஒரு புகாரும் வரவில்லை. பதினைந்து பேர் வேறு வேலையில் இருக்கிறார்கள். முத்திரை சரியாக இருந்ததால் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. எங்கள் முறையின் வெற்றியைப் பார்த்து மற்ற ஆபீஸ்களும் தலைக்கு மேல் விளக்கு மாட்டிக்கொண்டன.

போன வாரம் எனக்குக் காய்ச்சல். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஊசி அறையில் ஒரே நெருக்கடி.

"உள்ள தள்ளிப் போங்க, நடுவுல இடம் இருக்கு, வாசல்ல தொங்காதீங்க" என்று ஒரு கனத்த குரல் கேட்டது. வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் விசில் ஊதி அடுத்த நோயாளியை அழைத்தார். சட்டைப் பையில் பெயர் குத்தியிருந்தது. மேலிருந்து ஏழாவதாக நான் தள்ளிவிட்ட தாளின் பெயர். பதினாறாவது தாள், பஸ் கண்டக்டர்.

"எந்தக் கை?" என்றார் அவர், ஊசியைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு.

வரிசையில் எனக்குப் பின்னால் நாற்பது பேர் நின்றார்கள். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். பிறகு, பழக்க தோஷம், அவர் தலைக்கு மேலே பார்த்தேன். பச்சை எரிந்தது. சட்டைக் கையை மடித்துவிட்டு நீட்டினேன்.